அம்சவல்லி கோத்த இரும்புச் சட்டை

எங்கள் ஊரில் துரியோதனன் விழாமல் நின்ற வருஷம் ஒன்று உண்டு. பாரதத்தைக் கரைத்துக் குடித்தவர்கள் வந்து ‘அதெப்படி?’ என்று என்னிடம் மல்லுக்கு நிற்கலாம். நின்றுகொள்ளட்டும். நான் கண்ணால் பார்த்தவன். அந்தத் துரியோதனன் போட்டிருந்த சட்டையில் இருந்த ஓட்டைகளெல்லாம் நான் போட்டவை. சட்டையைக் கோத்தவள் அம்சவல்லி, என் பெரியப்பா மகன் நாகப்பனின் பெண்சாதி. எனக்கு அண்ணி.

என் பெயர் ரகுபதி. மணிமங்கலம் தாண்டி ஒரகடம் பக்கம் போகிற ரோட்டில் சைக்கிள் கடை வைத்திருந்தேன். அண்ணி வாலாஜாபாத் பக்கத்துப் பெண். சின்ன வயதில் அங்கே நெசவுக்காரர் வீடுகளுக்குக் கூலி வேலைக்குப் போனவள். தறியில் ஒரு பாவு முடிந்து அடுத்த பாவு ஏற்றும்போது, பழைய இழையின் நுனியோடு புது இழையின் நுனியைச் சேர்த்து விரலால் முறுக்கிவிட வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள். ஒன்று நழுவினாலும் புடவையில் தெரிந்துவிடும். அந்த வேலையை இவள் எதிர்வீட்டுப் பெண்ணோடு சண்டை போட்டுக்கொண்டே செய்வாளாம். கல்யாணமாகி இங்கே வந்த பிறகு நடவு, களை, வேர்க்கடலை பிடுங்குவது என்று எல்லாரையும் போல வயல் வேலைதான்.

வாயில்லாப் பூச்சி என்று நினைத்துவிடாதீர்கள். கிணற்றடியில் அவள் குரல் கேட்டால் என் கடையில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருக்கிறவன் நிமிர்ந்து பார்ப்பான். ஒன்றைப் பிடித்தால் பிடித்ததுதான்.

எங்கள் ஊர் திரௌபதி அம்மன் திருவிழாவைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. மற்ற ஊர்களில் துரியோதனன் விழுகிற படுகளத்தன்று காலையில் கூத்துக்காரர்கள் பீமனும் துரியோதனனுமாக வேஷம் கட்டி ஓடிப் பிடித்து அடித்துக்கொள்வார்கள். அது வேடிக்கை அடி. எங்கள் ஊரில் மெய்யடி. வேஷக்காரர்கள் ஒதுங்கிவிடுவார்கள்; ஊர்க்காரர்கள் இரண்டு பேர் இறங்குவார்கள். புளியங்கட்டையில் செய்து கோணி சுற்றிய கதாயுதம் ஆளுக்கொன்று. தலையில் அடிக்கக் கூடாது, மற்றபடி உண்மையான அடி. அடி தாங்காமல் துரியோதனன் முட்டி போட வேண்டும். போட்டதும் பீமன் அவன் தொடையை கதையால் தொடுவான். அதன் பிறகுதான் விரித்த கூந்தலோடு காத்திருக்கும் திரௌபதி தலையை முடிவாள், சாயங்காலம் ஜனங்கள் தீ மிதிப்பார்கள். அடி வாங்காமலே பொய்யாக முட்டி போட்டால் அம்மன் ஏற்க மாட்டாள் என்பது ஊர்க் கட்டுப்பாடு.

துரியோதனன் பாத்தியதை நாகப்பன் வீட்டுக்கு. அவன் அப்பன் நின்றான், பாட்டன் நின்றான், அப்புறம் இவன். மார்புக்குத் தென்னை நார் அடைத்த கோணிச் சட்டை ஒன்று. அதைப் போட்டுக்கொள்வதும் ஒன்றுதான், போடாமல் இருப்பதும் ஒன்றுதான்.

எழுபத்தொன்றாம் வருஷம் பீமனாக இறங்கினவன் பரசுராமன். நெல்லு மண்டியில் மூட்டை தூக்குகிறவன். தோள் இருக்கிறதே, அடேயப்பா, வாசற்படியில் நேராக நுழைய முடியாது. கெட்டவன் இல்லை, எங்கள் பங்காளிதான். ஆனால் மூட்டை தூக்கித் தூக்கிப் பழகினவன் ஆகையால் கதையையும் கீழேயிருந்து மேலே தூக்கித்தான் வீசுவான். அன்று வீசியது நாகப்பனின் இடது விலாவில் இறங்கியது. கிளை முறிந்த மாதிரிச் சத்தம் எனக்கே கேட்டது.

காஞ்சிபுரம் ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டார்கள். “எலும்பு கோணலாத்தான் சேரும். இன்னொரு அடி அதே எடத்துல வுழுந்தா உள்ள குத்திடும். அப்பால நான் ஒண்ணும் பண்ண முடியாது” என்று டாக்டர் அண்ணியிடமே சொன்னார். பரசுராமன் அன்றைக்கெல்லாம் ஆஸ்பத்திரி வாசலில் சோறு தண்ணி இல்லாமல் குந்திக்கிடந்தான்.

மறுவருஷம் திருவிழாவுக்குக் கொடி ஏறுவதற்கு ரொம்ப நாள் முன்பே அண்ணி ஆரம்பித்துவிட்டாள்.

“இந்த வருசம் நீ நிக்க வாணாம்.”

“இன்னாமே ஒளர்ற? எங்கப்பன் நின்ன எடம். நான் நிக்காம எவன் நிப்பான்?”

“எவனோ நிக்கட்டும்.”

“பயந்துகினு வூட்ல பூந்துட்டான்னு ஊரு சிரிக்கும்மே.”

கெஞ்சினாள், திட்டினாள், பேசாமலும் இருந்து பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. நாகப்பனும் அவளுக்குக் குறைந்த பிடிவாதக்காரன் இல்லை. கடைசியில் ஒரு நாள் என் கடையில் வைத்தே அவனிடம் சொன்னாள்: “சரிய்யா, போய் நில்லு. ஆனா நான் குடுக்கற சட்டையப் போட்டுகினுதான் நிக்கணும்.” அவன் தலையாட்டினான். தலையாட்டின வேகத்தைப் பார்த்தால் ஏதோ பழைய புடவையை மடித்துத் தைத்துத் தரப்போகிறாள் என்று நினைத்திருப்பான். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அடுத்த வாரம் செம்பரம்பாக்கம் ஏரி மீன் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாள். குழந்தை அளவு கெண்டை. செதில் எடுக்காமல் அதை என் கடை பெஞ்சின் மேல் போட்டு, அரிவாளின் முதுகால் ஓங்கி ஒரு போடு போட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உட்காருகிற பெஞ்சு அது. அவள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. “பாத்தியா ரகு? மேல ஒண்ணும் ஆவல. சின்ன சின்னதா கீது, ஒண்ணுமேல ஒண்ணு ஏறிகினு கீது. அடி ஒரு எடத்துல நிக்காம பரவிப் பூடுது” என்றாள்.

“அதுக்கு?”

“உங்கண்ணனுக்குச் செதிலு செய்யப் போறேன்.”

நான் சிரித்தேன். யாராக இருந்தாலும் சிரித்திருப்பார்கள். அவள் கடை மூலையைக் காட்டினாள். தாம்பரம் பக்கத்துக் கம்பெனிகளுக்குப் பெட்டி பெட்டியாகச் சாமான் வரும். அந்தப் பெட்டிகளை இறுக்கிக் கட்டியிருக்கும் இரும்புப் பட்டையைக் கழித்துப் போடுவார்கள். கேரியர் கட்ட உதவுமே என்று நான் சுருள் சுருளாக வாங்கிப் போட்டிருந்தேன். மெல்லிசுதான், ஆனால் வளைத்தால் துள்ளி நிமிர்கிற இரும்பு.

வேலை தொடங்கியது. விரல் நீளத்துக்கு இரண்டு மடங்காகப் பட்டையை நான் வெட்டித் தருவேன். அவள் அதை இரண்டாக மடித்து, சுத்தியலால் தட்டி, கிணற்றடிக் கல்லில் ஓரத்தைத் தேய்ப்பாள். ஓரம் கூராக இருந்தால் கோக்கிற கயிற்றை அறுத்துவிடும். தேய்த்த துண்டைத் தன் கன்னத்தில் இழுத்துப் பார்ப்பாள். கீறினால் மறுபடியும் கல். கன்னத்தில் கோடு கோடாக ரத்தம் கட்டியிருக்கும். பிறகு நான் நாலு மூலையிலும் ஓட்டை போடுவேன். அதை வாங்கிப் போய் வலை பின்னுகிற நைலான் கயிற்றால் கோப்பாள்.

அந்தக் கோப்பை என்னவென்று சொல்ல! ஒவ்வொரு துண்டும் பக்கத்துத் துண்டின் மேல் பாதி ஏறி இருக்கும். ஒரே கயிறாக ஓட்டிவிடலாமே என்று கேட்டேன். “ஒரு எடத்துல அறுந்தா மொத்தமும் கொட்டிப்புடும்டா மடையா” என்றாள். இரண்டு துண்டுக்கு ஒரு முடிச்சு. நைலான் முடிச்சு வழுக்கும். அதனால் நுனிகளைப் பாவிழை முறுக்குகிற மாதிரி ஒன்றோடொன்று முறுக்கி, தீக்குச்சியால் சுட்டு, சூட்டோடு விரலால் நசுக்குவாள். விரல் நுனியெல்லாம் கொப்புளம். வயல் வேலை முடிந்து வந்து, உலையை ஏற்றிவிட்டுக் கோக்க உட்காருவாள். அந்தக் கை போகிற வேகத்தைப் பார்த்து நான் பெடலை மாட்டாமல் அப்படியே கையில் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

ஊர் விடுமா? “துரியோதனனுக்குத் தகர டப்பா மாட்றாளாம்”, “மீன் சட்டை போட்டா ஏரில உட்டுடலாம்” என்று வீட்டு வாசலில் நின்றே சிரித்தார்கள். கோவில் தர்மகர்த்தா ஜெகநாதனிடம் போய் யாரோ புகார் சொன்னார்கள். அவர் வந்து சட்டையைத் தூக்கிப் பார்த்தார். “தொடை தெரியணும். அது காந்தாரி கண்ணு படாத எடம். மத்தபடி தகரத்த மாட்னாலும் சரி, தாழ்ப்பாள மாட்னாலும் சரி” என்று சொல்லிவிட்டு, அவரும் சிரித்துக்கொண்டுதான் போனார். அண்ணி எல்லாருக்கும் வட்டியும் முதலுமாகத் திருப்பிக் கொடுத்தாள். நாகப்பன்தான் ஒன்றும் பேசாமல் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தான்.

சட்டை முடிந்ததும் கோணிப்பையில் வைக்கோலை அடைத்து, மேலே சட்டையை மாட்டி, புளியமரத்தில் கட்டினோம். நான் கதையை எடுத்து மேலிருந்து ஓங்கி அடித்தேன். சட்டை அசையவில்லை. எனக்கே மார்பு நிமிர்ந்தது.

“பரசுராமன் அப்படியா அடிப்பான்? கீழர்ந்து வீசு” என்றாள் அண்ணி.

வீசினேன். கதையின் முனை ஒரு வரிசையின் அடியில் புகுந்து, செதிலை அப்படியே நிமிர்த்திப் பிய்த்துக்கொண்டு வந்தது. இரும்புத் துண்டுகள் மண்ணில் சிதறின. பைக்குள் இருந்த வைக்கோல் தெரிந்தது. நல்லவேளையாக அது வைக்கோல்.

அண்ணி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். தன்னைத் தானே திட்டிக்கொள்ள ஆரம்பித்தாள். “புத்தி கெட்ட முண்டம். பொறந்ததுலர்ந்து மீன் ஆயறேன். வாலாண்டர்ந்து தலையாண்ட இஸ்தாத்தானே செதிலு வரும்? கூரை வேயற மாதிரி மேல் வரிசைய கீழ் வரிசை மேல போட்டுட்டேனே. மழை மேலர்ந்து வரும், சரி. இவன் கீழர்ந்து இல்ல வரான்!”

அதாவது, கீழ் வரிசை மேல் வரிசையை மூடி ஏறி நிற்க வேண்டும். கூரையைத் தலைகீழாக வேய்ந்தது போல. அப்போதுதான் கீழேயிருந்து வருகிற கதைக்குப் புக இடம் கிடைக்காமல் மேலே வழுக்கிக்கொண்டு போகும். அதற்கு முடிச்சு எல்லாவற்றையும் அவிழ்க்க வேண்டும். திருவிழாவுக்குக் கொடி ஏறிவிட்டிருந்தது. “வுட்டுடு அண்ணி, இந்த வருசம் எதனா சாக்கு சொல்லிக்கலாம்” என்றேன். அவள் மரத்தடியிலேயே முதல் முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்க்க ஆரம்பித்தாள்.

எப்படி முடித்தாள் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. படுகளத்தன்று காலை, மண்ணால் செய்து படுக்க வைத்த துரியோதனன் உருவத்துக்குப் பக்கத்தில், நாகப்பன் அந்தச் சட்டையோடு வந்து நின்றான். உள்ளே பழம்புடவை மடித்துத் தைத்த மெத்தை, வெளியே வரிசை வரிசையாக இரும்பு. வெயில் பட்டு அது மின்னியதில் முன்வரிசைக்காரர்கள் கண்ணை இடுக்கினார்கள். சிரிக்க வந்தவர்கள் வாயைத் திறந்தபடி நின்றார்கள். மனுஷன் மூச்சு விடும்போதெல்லாம் சட்டையும் விரிந்து சுருங்கியது. தொடை இரண்டும் வெறுமையாக, மஞ்சள் பூசி இருந்தன.

பரசுராமன் முதல் அடியைப் பட்டும் படாமலும் அடித்தான். போன வருஷத்து பயம். கூட்டம் ஊளையிட்டது. “மெய்யடி குடு! மெய்யடி குடு!”

“இன்னாடா பீமா, வூட்ல சோறு போடலியா?” என்றான் நாகப்பன்.

பரசுராமன் கண்ணை மூடித் திறந்தான். கீழேயிருந்து தூக்கி, இடது விலாவைப் பார்த்து வீசினான். அண்ணி எனக்குப் பக்கத்தில், களத்தைச் சுற்றிக் கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். என் மணிக்கட்டை அவள் இறுக்கின இறுக்கில் நான் கத்திவிட்டேன். ‘சரக்’கென்று ஒரு சத்தம். கதை சட்டையின் மேல் வழுக்கி, தோளைத் தாண்டி, ஆகாயத்துக்குப் போனது. நாகப்பன் ஒரு அடி பின்னால் தள்ளாடி, நின்றான்.

மேளக்காரன் அடிக்க மறந்துவிட்டான்.

பரசுராமன் மறுபடி வீசினான். மறுபடி. வலது பக்கம், இடது பக்கம், முதுகு. ஒவ்வொன்றும் ஒரு ஆளைப் படுக்க வைக்கிற அடி. நாகப்பன் திருப்பியும் அடித்தான். ஆனால் விழவில்லை. எத்தனையோ வருஷமாகப் பார்த்த சண்டை, அன்றைக்குத்தான் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. என் கையால் வெட்டின கழிசல் பட்டை, இவள் கையால் கோத்தது, ஒரு மனிதனின் உயிரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது! பக்கத்தில் ஒரு கிழவர், யாரென்றே தெரியாது, சட்டையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

பிரச்சினை அப்புறம்தான் தெரிந்தது. வெயில் ஏறிவிட்டது. பரசுராமனின் உள்ளங்கை தோல் உரிந்து கதைப்பிடி வழுக்கியது. பக்கத்தில் நின்று பாடும் கூத்து வாத்தியாருக்குப் பாட்டு தீர்ந்துபோய் பாடினதையே பாடினார். திரௌபதி வேஷக்காரர் விரித்த கூந்தலோடு நிழல் தேடி நகர்ந்துகொண்டிருந்தார். துரியோதனன் மட்டும் முட்டி போடவில்லை. அவன் விழாமல் கூந்தல் முடிய முடியாது, தீ மிதிக்க முடியாது. ஜெகநாதன் கைகளைப் பிசைந்துகொண்டு ஓடி வந்தார்.

“நாகப்பா, போதும்ப்பா. முட்டி போட்டுடுப்பா.”

“அடி வாங்காத எப்படிங்க முட்டி போடறது? பொய்யாப் போட்டா அம்மன் ஏத்துக்குமா?”

கட்டுப்பாட்டைச் சொல்லி மடக்கிவிட்டான். ஆனால் அண்ணி கட்டுப்பாட்டைப் பார்க்கவில்லை, அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு வெளுத்திருந்தது. முழங்கால் வெடவெடவென்று ஆடியது. அத்தனை இரும்பைச் சுமந்துகொண்டு, அந்த வெயிலில், முறிந்து சேர்ந்த விலாவோடு இருக்கிறவன். அடியில் சாகாதவன் நின்றே செத்துப்போவான் போலிருந்தது.

அண்ணி கயிற்றைத் தாண்டி உள்ளே போனாள். படுகளத்தில் பெண்கள் கால் வைக்கிற வழக்கமே இல்லை. யாரோ ‘ஏய்’ என்றார்கள். நான் பின்னாலேயே ஓடினேன்.

“குந்துய்யா. இன்னா ஆவுது உனுக்கு? குந்து.”

நாகப்பன் தலையை ஆட்டினான். அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரித்தான் சொன்னான், எனக்கும் கேட்டது. “குந்துனா உன் சட்ட தோத்துட்சின்னு சொல்லுவானுங்க மே. நம்ம வூட்டாண்ட வந்து வந்து சிரிச்சானுங்க. எல்லாத்தையும் உள்ள குந்தினு கேட்டுகினுதான் இருந்தேன். ஒரு வாட்டியாச்சும் உன்னப் பாத்து வாயப் பொத்தட்டும்.”

வீட்டுக்குள் பேசாமல் உட்கார்ந்திருந்த மனுஷன் இதைத்தான் மென்றுகொண்டிருந்திருக்கிறான்! அண்ணியோ ஊர் மொத்தமும் கேட்கக் கத்தினாள்.

“நான் இன்னா ஜெயிக்கறதுக்கா சட்ட கோத்தேன்? நீ மூச்சு வுடறதுக்குய்யா கோத்தேன்! அதப் போட்டுகினு நீ மூச்ச நிறுத்துனா அந்தச் சட்டய எடுத்து நான் எந்தக் கொள்ளில போடறது?”

கதை கீழே விழுகிற சத்தம் கேட்டது. பரசுராமன் போட்டுவிட்டான். உரிந்த இரண்டு உள்ளங்கைகளையும் கூட்டத்துக்குத் தூக்கிக் காட்டினான். “தோ பாருங்க, எல்லாரும் பாருங்க. என்னால முடில. இந்தச் சட்டைய என்னால ஒண்ணும் பண்ண முடில. அண்ணி, உன்னாண்ட நான் தோத்துட்டேன்” என்று சொல்லி, அந்த மலை போன்ற ஆள் அவள் காலடியில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான்.

பாரதத்தில் பீமன் தோற்றுவிட்டான். ஜெகநாதன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். வாசலில் நின்று மீன் சட்டை என்று கேலி பேசினவர்கள் எல்லாரையும் நான் தேடித் தேடிப் பார்த்தேன். ஒருத்தனும் சிரிக்கவில்லை. நாகப்பனும் பார்த்தான். ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். பார்த்து முடித்துவிட்டு, கதையை ஊன்றிக்கொண்டு, மெதுவாகத் தரையில் உட்கார்ந்து, மஞ்சள் பூசிய காலை நீட்டினான்.

“நான் வுழல. முட்டியும் போடல. களைப்பாக் கீது, குந்திக்கினேன். எழுந்து வாடா பரசுராமா, தொடையத் தொடு. அம்மன் தலைய முடியட்டும்.”

விழாதவன் தானாக உட்கார்ந்தால் என்ன செய்வது என்று எந்தக் கட்டுப்பாட்டிலும் இல்லை. ஜெகநாதன் வாத்தியாரைப் பார்த்தார், வாத்தியார் அம்மனைப் பார்த்தார். பிறகு வாத்தியார் அதற்கென்று அங்கேயே ஒரு பாட்டைக் கட்டிப் பாடிவிட்டார். பரசுராமன் அழுதுகொண்டே கதையால் தொடையைத் தொட்டான். திரௌபதி கூந்தலை முடிந்ததும் பெண்கள் குலவை போட்டார்கள். கூட்டம் தீக்குழிப் பக்கம் நகர்ந்தது.

நாங்கள் நாலு பேர்தான் படுகளத்தில் மிச்சம். நாகப்பனை வேப்பமரத்து நிழலுக்கு இழுத்துப்போய்த் தண்ணீர் கொடுத்தோம். “வெட்டிரும்பு எடுத்தாரட்டுமா அண்ணி? சீக்கிரம் கயட்டிடலாம்” என்றேன். “வாணாம். ஒரு பக்கம் வெட்டுனா இரும்பு மேல குத்தும்” என்று சொல்லி, பக்கவாட்டு முடிச்சுகளை அவளே ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். சட்டை இரண்டு பாதியாகத் திறந்தது. தோளிலும் கையிலும் கன்றிக் கறுத்திருந்தது. விலாவில், அத்தனை அடி இறங்கின இடத்தில், லேசான சிவப்பு, அவ்வளவுதான். பரசுராமன் ஒரு விரலால் அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்து, “தாயே!” என்று கையை எடுத்துக்கொண்டான்.

அண்ணி குனிந்து அந்த விலாவில் காதை வைத்தாள்.

“மூச்சு வுடு.”

“வுட்டுகினுதானேமே கீறேன்.”

“நல்லா இஸ்து வுடுய்யா.”

நோவுக்குப் பயந்து ஒரு வருஷமாகப் பாதி பாதியாகவே மூச்சு விட்டுக்கொண்டிருந்தவன் அவன். அன்றைக்கு மெதுவாக, சந்தேகத்தோடு, முழுசாக இழுத்தான். நிறுத்தினான். விட்டான். ஒன்றும் ஆகவில்லை. திரும்பவும் இழுத்தான். அண்ணி காதை எடுக்கவே இல்லை. அத்தனை நாளும் கன்னத்தில் கோடு வாங்கியும், விரலைச் சுட்டுக்கொண்டும், ஊர் மொத்தத்தையும் எதிர்த்துப் பேசியும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள், அவன் மார்பிலேயே முகத்தை வைத்துக்கொண்டு அப்போதுதான் அழுதாள்.